சந்தனம் இட்ட ரப்பர்

எனக்குக் கோபம் வந்தால் என் மனைவிக்கு அது இரண்டு வழிகளில் தெரிந்துவிடும். ஒன்று, நான் பேசுவதை நிறுத்திவிடுவேன். இன்னொன்று, அவளுடைய கைபேசித் திரையில் ஒரு கோடு துள்ளும். இந்த இரண்டாவது வழி சென்ற வருடம்தான் எங்கள் இல்லறத்துக்குள் நுழைந்தது. என் இடது முழங்கையில் அவள் ஒட்டிவைத்த ஒரு ரப்பர்ப் பட்டையின் உபயம். கையை மடக்கினால் பட்டை இழுபடும். இழுபட்டால் கோடு ஏறும். கோபம் வந்தால் கையை மடக்கி மடக்கி நீட்டுகிற ஆசாமி நான் என்பது ஐம்பது தாண்டிய பிறகுதான் எனக்கே தெரியவந்தது. அதுவரை நான் அமைதியானவன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவர்களைப் பற்றி ஊரே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

என் மனைவி ஒரு சிறிய பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சிட்லபாக்கத்திலிருந்து கிளம்பி, சானடோரியத்தில் ரயிலேறி, கூடுவாஞ்சேரியில் இறங்கி, அங்கிருந்து ஒரு பேருந்து பிடித்தால், அந்தப் பேருந்து இனிமேல் ஊரே இல்லை என்று முடிவு செய்து திரும்புகிற இடத்தில் கல்லூரி இருக்கிறது. தலை நரைக்கத் தொடங்கும் வரை அங்கே பாடம் நடத்தினாள். பிறகு ஒருநாள், முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி வேலை நீட்டிப்பு கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு அவளும் மாணவி ஆனாள். ஆராய்ச்சி முக்கால்வாசி முடிந்திருந்தது. முடிக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். அந்த ஒரு வருடத்தை வாங்கித் தருவது துறைத் தலைவரின் கையில் இருந்தது. அவரோ, "விஜயதசமி ஃபங்ஷன் முடியட்டும் மேடம், எல்லாம் அதை வெச்சுத்தான்" என்று சொல்லியிருந்தார்.

ஃபங்ஷன் என்னவென்று பிறகு சொல்கிறேன். முதலில் பட்டை.

பார்வைக்கு அது வெளிறிய ரப்பர்த் துண்டு. கண்ணாடித் தட்டில் கூழாக ஊற்றி, நாள் கணக்கில் காயவைத்து, நடுவில் வெள்ளித் துகள் கலந்த ஒரு கோடு போடுவாள். அந்தக் கோட்டில் மின்சாரம் ஓடும். நம் உடம்பின் மேல் மின்சாதனத்தை ஒட்டவேண்டுமென்றால் அது தோலைப் போல இழுபட வேண்டும், மடங்க வேண்டும், கிழிந்தால் ஆற வேண்டும் என்று உலகத்தில் நிறையப் பேர் இதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறார்களாம். இந்தப் பட்டையை வெட்டி, வெட்டிய இரண்டு முகங்களையும் சேர்த்து வைத்தால், உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். மறுபடி ஒரே பட்டை. மறுபடி மின்சாரம்.

வெளிநாட்டில் செய்த பட்டைகளெல்லாம் குளிர்ந்த, உலர்ந்த அறைகளில் ஆறியவை. தாம்பரத்தில் மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன் கையில் அவை ஆறுமா? ஆறாது. வியர்வையில் நனைந்து கையைவிட்டு நழுவிப்போகும். வியர்வையிலும் ஆறுகிற பட்டையைச் செய்வதுதான் என் மனைவியின் ஆராய்ச்சி. அதற்கு நன்றாக வியர்க்கிற, வேறு உபயோகம் இல்லாத ஒரு கை தேவைப்பட்டது.

"உங்களோடது சும்மாதானே இருக்கு" என்றாள்.

எழுத்தாளனின் கை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "வலதுகைலதானே எழுதறீங்க, நான் இடதுகையைத்தான் கேட்டேன்" என்றாள்.

அவளுக்குப் பிடிக்காத ஒரு சொல் உண்டு. 'தானாக'. 'தானாக ஆறும் பொருள்' என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். "தானா ஒண்ணும் ஆறாது. வெட்டின முகம் சுத்தமா இருக்கணும். உடனே சேர்த்து வைக்கணும். ஒருத்தர் பிடிச்சுக்கணும். அப்புறம் காத்திருக்கணும். இவ்வளவும் செஞ்சா ஆறும்." ஒரு தூசி நடுவில் விழுந்தாலும் சங்கிலிகள் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்காதாம். நான் ஒருமுறை பவுடர் போட்ட கையால் ஒரு பட்டையைத் தொட்டுவிட்டு இரண்டு நாள் ஹோட்டலில் சாப்பிட்டேன்.

இனி ஃபங்ஷன். கல்லூரியில், உடம்பில் அணியும் மின்சாதனங்களுக்கென்று புதிதாக ஓர் ஆய்வுக்கூடம். பழைய ஆய்வுக்கூடத்தின் பாதியைத் தடுத்து வெள்ளையடித்தால் அது புதியது. அதை விஜயதசமி அன்று காலை நல்ல நேரத்தில் திறந்துவைக்க, ஆராய்ச்சிகளுக்கு நிதி கொடுக்கும் குழு ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். அவர் முன்னால் காட்டுவதற்குக் கல்லூரியில் வேறு எதுவும் இல்லாததால், என் மனைவியின் பட்டை.

துறைத் தலைவர் அதைத் தன் மனக்கண்ணில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

"மேடம், கெஸ்ட் கத்தரிக்கோலால கட் பண்றார். பட்டையில மாட்டின லைட் அணைஞ்சுடுது. எல்லாரும் கைதட்றாங்க. ஒரு அஞ்சு நிமிஷம், நான் ரெண்டு வார்த்தை பேசறேன். லைட் திரும்ப எரியுது. மறுபடி கைதட்றாங்க."

"சார், அதுக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

"சாயங்காலம் அவருக்கு ஃப்ளைட் மேடம்."

"ஃப்ளைட்டுக்காக ரப்பர் அவசரப்படாது சார்."

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். முந்தின நாளே சில பட்டைகளை வெட்டி ஒட்டி வைப்பது. விருந்தினர் புதிதாக ஒன்றை வெட்டட்டும். முந்தின நாள் வெட்டியது இதோ ஆறியிருக்கிறது பாருங்கள் என்று அதையும் காட்டிவிடுவது. தொலைக்காட்சிச் சமையலில், அடுப்பில் வைத்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெந்ததை வேறு பாத்திரத்தில் எடுத்து நீட்டுவார்களே, அது மாதிரி. ஆனால் சொல்லிவிட்டுச் செய்வது. அவளுக்குச் சம்மதம்.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே போய்ச் சில பட்டைகளை வெட்டி, ஒட்டி, விருந்தினர் வெட்டுவதற்கான முழுப் பட்டைகளோடு பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் 'தொடாதீர்கள்' என்று எழுதிவிட்டு வந்தாள். அப்படியே ஆய்வுக்கூடத்துப் பூஜைக்கும் அங்கேயே இருந்திருப்பாள். துறைத் தலைவர் விடவில்லை. "மேடம், கெஸ்ட்டுக்கு ஒரு சால்வை, ஒரு மெமென்டோ. உங்களுக்குத்தான் கலர் சென்ஸ்." துறையில் ஆண்கள் பலர் உண்டு. அவர்கள் யாருக்கும் நிறம் தெரியாது போலிருக்கிறது. போக்குவரத்து சிக்னலை எப்படித்தான் கடந்து வருகிறார்களோ. தன் ஆராய்ச்சியைக் காட்டுவதற்கு முந்தின நாள், ஆராய்ச்சி செய்தவளே பொன்னாடை வாங்கப் போனாள். பையைத் தூக்க நானும் போனேன். கோடு அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பூசணிக்காய்க்கும் பொரிக்கும் நடுவே நீந்தி ஒரு கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சால்வை விஐபிக்கா சார், சும்மா ஆளுக்கா?"

"என்ன வித்தியாசம்?"

"சும்மா ஆளு போத்திக்குவாரு. விஐபி சால்வை ரவுண்டு அடிச்சிட்டு நம்ம கடைக்கே வந்துரும் சார். அதான் கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுக்கறது."

என் மனைவி சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். கைபேசி சிணுங்கியது. துறையின் வாட்ஸப் குழுவில் பூஜைப் படங்கள் வந்துகொண்டிருந்தன. கணினிக்கு மாலை. நுண்ணோக்கிக்கு மாலை. தீயணைப்பானுக்கு விபூதி. அடுத்து ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் வாழை இலை. இலையின் மேல், பெட்டியைவிட்டு வெளியே எடுத்து வரிசையாகப் படுக்கவைத்த ரப்பர்ப் பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நட்டநடுவில், வெட்டி ஒட்டிய இடத்தின் மேலேயே, சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

அவள் கையிலிருந்த சால்வையை மெதுவாகக் கீழே வைத்தாள். அழைத்தாள்.

"பார்த்தீங்களா மேடம்! உங்க ஐட்டத்துக்குத்தான் முதல் பொட்டு!"

"சார், தொடாதீங்கன்னு பெட்டி மேலயே எழுதியிருந்தேனே."

"தொடலையே மேடம். மோதிர விரலாலதான் வெச்சேன்."

"ஒட்டின இடம் இன்னும் ஈரமா இருக்கு சார். பொடி உள்ள போயிடும். யாரையாவது இப்பவே துடைக்கச் சொல்லுங்க. நான் கிளம்பி வரேன்."

மறுமுனையில் அதிர்ச்சி. அவள் பட்டையைப் பற்றிச் சொன்னதற்கல்ல. "மேடம்! பூஜைல வெச்சதை நாளைக்குக் காலைல வரைக்கும் எடுக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா? லேப்பைப் பூட்டியாச்சு. சாவி என்கிட்ட."

அவளுக்கு அது தெரியாததில்லை. அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டிலும் காலையில் அவளுடைய மடிக்கணினியும் புத்தகங்களும் என் பேனாவும் சாமி முன்னால் அடுக்கப்பட்டுப் பொட்டு வாங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் புனர்பூஜை முடியும் வரை ஓர் எழுத்தைப் படிக்கமாட்டாள், ஒரு வரி எழுதமாட்டாள். சிறுவயதிலிருந்து வந்த வழக்கம். ஆராய்ச்சியின் கடைசி நெருக்கடியிலும் அதை விட்டவளில்லை. நாத்திகர்கள் நடத்தும் ஊரில் இந்த விபத்து நடந்திருக்காது. நல்ல பக்திமான்கள் இருக்கும் ஊரில், பக்தியின் பேரிலேயே, ஒருவரும் கெட்ட எண்ணம் இல்லாமல் நடத்திய விபத்து இது. யார் மேலாவது கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எனக்குக் கோபப்படச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சார், சால்வை?" என்றார் கடைக்காரர்.

"ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

விஜயதசமி அன்று காலையில் முதல் ஆளாக நாங்கள் ஆய்வுக்கூட வாசலில் நின்றோம். துறைத் தலைவர் பட்டு வேட்டியில் வந்தார். பூட்டைத் திறந்து, கற்பூரம் காட்டி, பூஜை முடிந்ததற்கு அடையாளமாகத் தாம்பாளத்தை வடக்கே சற்று நகர்த்திய பிறகுதான் என் மனைவியை அருகே விட்டார். வெட்டி ஒட்டிய பட்டைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து மெல்ல இழுத்தாள். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த முகங்களில் சிவப்பாகக் குங்குமம் படிந்திருந்தது. வெட்டாத பட்டைகளில் ஒன்றிரண்டை வெட்டிச் சோதித்தாள். மேலே இருந்த சந்தனம் கத்தியோடு உள்ளே இறங்கியது. சேர்த்து அழுத்தினாள், கையை எடுத்ததும் விலகிக்கொண்டன.

"சந்தனம் குளிர்ச்சிதானே மேடம், கெடுதல் பண்ணாதே" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

புதிதாக ஊற்றிக் காயவைக்க நாளாகும். விருந்தினரோ வண்டலூர் தாண்டி வந்துகொண்டிருந்தார். உலகத்தில் சந்தனம் படாத பட்டை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் இடது முழங்கையைப் பார்த்தோம். என் உடம்பின் ஒரு பகுதியை இத்தனை பேர் இத்தனை ஆர்வத்துடன் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

துறைத் தலைவர் என் தோளில் கைபோட்டு வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"சார், நீங்களே மேடைல உட்காருங்க. கெஸ்ட் உங்க இடதுகைல கட் பண்ணட்டும். சந்தனம் வெச்சதுல முழுசா ஒண்ணு இருக்கில்ல, அதைத் துடைச்சு வலதுகைல ஒட்டிப்போம். முழுக்கை சட்டை. நான் பேசி முடிச்சதும் நீங்க வலதுகையைக் காட்டுங்க. லைட் எரியும். யாரு சார் இடது வலதெல்லாம் பார்க்கப் போறா?"

"அது ஏமாத்துறது இல்லையா சார்?"

"என்ன சார், நீங்க எழுத்தாளர். உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு சின்னக் கற்பனை."

பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடத்துக்கு அந்த ஒரு வருஷம் வேணுமில்ல?" என்றார்.

எனக்குக் கன்னாபின்னாவென்று கோபம் வந்தது. என் கோபத்தின் லட்சணம் என்னவென்றால், அது வந்த பிறகு நான் சொல்லக்கூடிய பதில் மூன்றாம் நாள் குளிக்கும்போதுதான் தோன்றும். கையை மட்டும் மடக்கினேன். உள்ளே மேசை மேல் இருந்த மனைவியின் கைபேசியில் கோடு எகிறியிருக்கிறது. அவள் வெளியே வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். விளக்கம் கேட்கவில்லை.

"ஒரு கைதான் சார்" என்றாள். "ரெண்டாவது கை கிடையாது."

மேடையில் என்னை உட்காரவைத்தார்கள். பின்னால் பெரிய பேனர். அதில் விருந்தினர் படம், தாளாளர் படம், முதல்வர் படம், துறைத் தலைவர் படம். பட்டையைச் செய்தவளுக்கு ஓரத்தில்கூட இடமில்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, நான் வாங்கிய சால்வை. மணிக்கட்டுப் பக்கம் ஒரு பொத்தான் அளவு பேட்டரியும் ஒரு குட்டி விளக்கும், முழங்கையில் பட்டையுமாக நான், சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, ஊசி போட வரிசையில் நிற்பவனைப் போல.

பெரியவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெல்வெட் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, "வலிக்குமா சார்?" என்று என்னிடம் கேட்டார். கதவில் ரிப்பன் வெட்டிய அதே கத்தரிக்கோல். ரிப்பன் நூல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி நடுவில் வந்து, "ஒரு நிமிஷம் சார்" என்று அதை வாங்கி, பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றித் துடைக்கத் தொடங்கினாள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய ஆசிரியைக்கு மௌனம் ஆகாது. "இப்பொழுது நமது மேடம் அவர்கள் கத்தரிக்கோலைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். சிலர் கைதட்டினார்கள். "நல்ல நேரம் முடியுது மேடம்" என்று துறைத் தலைவர் பல்லிடுக்கில் சொன்னார்.

பெரியவர் வெட்டினார். விளக்கு அணைந்தது. பலத்த கைதட்டல். எது அணைந்தாலும் கைதட்டுவோம் போலிருக்கிறது.

அவள் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, முழங்கையைச் சுற்றி கிரேப் பேண்டேஜ் கட்டினாள். பிறகு யாரும் கூப்பிடாமலேயே ஒலிபெருக்கியிடம் போனாள்.

"இது இப்ப எரியாது. சாயங்காலம் ஆகும். நேத்து ரெடி பண்ணி வெச்சது கெட்டுப்போச்சு, அதனால இன்னிக்கு உங்களுக்குக் காட்ட முடியலை. இன்னொண்ணு. இது தானா ஒட்டிக்கற பொருள்னு பேனர்ல போட்டிருக்கு. அப்படி இல்ல. சுத்தமா வெட்டி, உடனே சேர்த்து, பிடிச்சுக்கிட்டா ஒட்டும்."

திரும்பி என்னிடம், ஒலிபெருக்கியிலேயே, "கையை மடக்கிடாதீங்க" என்றாள்.

பெரியவர் தலையசைத்தார், கடிகாரத்தையும் பார்த்தார். துறைத் தலைவர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார். மனக்கண்ணில் கண்ட அந்த ஐந்து நிமிடத்தை அவர் விடுவதாக இல்லை.

"நம்ம மக்களும் இந்த மெட்டீரியல் மாதிரிதான்" என்று ஆரம்பித்தார். "சென்னையே மூழ்கின அந்த வெள்ளத்துல நம்ம முடிச்சூர் என்ன பாடு பட்டுது! யார் கையையும் எதிர்பார்க்கலை. தானா எழுந்து நின்னுது. அதுதான் செல்ஃப் ஹீலிங்!"

கைதட்டல். அந்த இடத்தில் நான் கையை மடக்கியிருக்க வேண்டும். முடிச்சூரில் என் தங்கை வீட்டின் தரைத்தளத்திலிருந்து நானும் அவள் கணவரும் பக்கத்துத் தெருக்காரர்களும் சேற்றை வாரி வாரிக் கொட்டியிருக்கிறோம். நனைந்த மெத்தையை நாலு பேர் தூக்கியும் தூக்க முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத மனிதரைப் பார்த்திருக்கிறேன். பால் பாக்கெட்டுகளை இடுப்பளவுத் தண்ணீரில் தலையில் வைத்துக் கொண்டுவந்தவர்களின் கைகளை எனக்குத் தெரியும். ஏரித் தண்ணீர் போகும் வழியில் மனைபோட்டு விற்றவர்களுக்குத்தான் இந்த 'தானாக' ரொம்பப் பிடித்த வார்த்தை. தானாக எழுந்தவர்களுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பாருங்கள். அடுத்த மழைக்கும் அப்படியே விட்டுவிடலாம்.

இவ்வளவும் உள்ளே கொதிக்க, என் இடதுகை மட்டும் நேராக, தொடைமேல், பலகை மாதிரி இருந்தது. வாழ்நாளில் நான் செய்த ஒரே யோகாசனம் அது. மடக்கினால் அவளுடைய பட்டை விலகிவிடும். அந்த மனிதர் பேசப் பேச நான் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் சால்வையோடும் மெமென்டோவோடும் மதியச் சாப்பாட்டோடும் விமான நிலையத்துக்குப் போனார். விளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மாலையில் கூடுவாஞ்சேரியில் ரயிலேறினோம். விடுமுறை நாள் அட்டவணை. ரயில் குறைவு, ஆட்கள் அதிகம். நீட்டிய கையுடன் நான் ஏறியதைப் பார்த்து இட்லி மாவுப் பையை மடியில் வைத்திருந்த பெண்மணி ஒருவர், எலும்பு முறிவு என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். மறுக்கும் நிலையில் நான் இல்லை. என் மனைவி எதிரே கம்பியைப் பிடித்து நின்றாள். வியர்வை பேண்டேஜுக்குள் ஊறி ஓடியது.

வண்டலூரை விட்டு ரயில் கிளம்பியபோது பக்கத்தில் நின்றவர் என் கையைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், கைல லைட்டு எரியுது?"

எரிந்தது. மங்கலாக, ரயில் குலுங்கும்போது சற்று நடுங்கிக்கொண்டு, ஆனால் எரிந்தது.

"ஆஸ்பத்திரில வெச்சாங்களா?"

"வீட்ல வெச்சாங்க" என்றேன்.

"அது ரப்பர் அண்ணா" என்றாள் என் மனைவி. "காலைல வெட்டினது. இப்ப ஒட்டிக்கிச்சு."

"வெட்டினது ஒட்டிக்கிச்சா? அட, எங்க வூட்டு மோட்டர் பெல்ட்டுக்கு ஒண்ணு குடேன்க்கா. மாசம் ஒருக்கா பேஜார் பண்ணிகினு கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாவுக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்து, "எவ்ளோ நேரம் ஆச்சும்மா ஒட்ட?" என்று கேட்டார். அன்று காலையிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். என் மனைவி அவருக்கு, வகுப்பில் சொல்வதுபோல, பெருங்களத்தூர் வரை விளக்கிச் சொன்னாள்.

பெருங்களத்தூரில் கைபேசி சிணுங்கியது. குழுவில் துறைத் தலைவரின் செய்தி. பெரியவர் என் கையை வெட்டும் படம். கீழே: 'தலைமை விருந்தினர் முன்னிலையில், வெட்டிய ஐந்தே நிமிடங்களில், தானாக ஒட்டிக்கொண்ட அதிசய ரப்பர்! எமது துறையின் சாதனை!' பெரியவரையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்.

எனக்கு அந்தக் கணத்தில் தோன்றியது கோபம் என்று எழுத ஆசைதான். இல்லை. "அப்ப அந்த ஒரு வருஷம் கிடைச்சாச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையை, அதிலிருந்த விளக்கை, ரயில் ஜன்னலோடு சேர்த்துப் படமெடுத்தாள். தட்டெழுதத் தொடங்கினாள்.

"வீட்டுக்குப் போய் யோசிச்சு எழுதலாமே."

"வீட்டுக்குப் போனா யோசிச்சுடுவேன்" என்றாள்.

'விழாவில் விளக்கு எரியவில்லை. இப்போதுதான், ரயிலில், எரிகிறது. ஐந்து நிமிடம் என்பது தவறு' என்று எழுதி அனுப்பினாள். தாம்பரம் வருவதற்குள் பதில்கள் குவிந்தன. பூங்கொத்து. கைதட்டும் கைகள். 'வாழ்த்துகள் மேடம்'. 'ஐந்தே நிமிடம், சூப்பர் மேடம்!' ஒருவர்கூடப் படிக்கவில்லை. என் வாசகர்கள் ஏன் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை என்பது அன்று புரிந்தது. துறைத் தலைவரிடமிருந்து மட்டும் பூங்கொத்து வரவில்லை. அவர் படித்திருந்தார்.

கல்லூரி திறந்ததும் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று மாலை அவள் வந்து சொன்னதைச் சொல்கிறேன்.

"யார் மேடம் உங்களைக் கேட்டா? நான் உங்களுக்காகத்தானே போட்டேன்?"

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கலாமே சார்."

"ஒரு வருஷம்னு சொல்லலாம்னு இருந்தேன். இப்ப கெஸ்ட் வேற குழப்பமா ஃபோன் பண்றார், எது கரெக்ட்னு. மேனேஜ்மென்ட் ஆறு மாசம்தான்னு சொல்லிடுச்சு. அதுக்குள்ள முடிங்க."

பொய்க்கு ஒரு வருடம், உண்மைக்கு ஆறு மாதம். பாதியாவது தேறியதே என்று நான் சந்தோஷப்பட வேண்டுமாம். என் நண்பர்கள் சொல்கிறார்கள்.

அவள் எழுந்தபோது துறைத் தலைவர் சமாதானமாகச் சிரித்தாராம். "மனசுல வெச்சுக்காதீங்க மேடம். நமக்குள்ள என்ன? தானா சரியாயிடும்."

"தானா ஆகாது சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஐந்து நிமிடம் இன்னும் ஐந்து நிமிடமாகவே இருக்கிறது. யாரும் துடைக்கவில்லை.

இப்போது மழைக்காலம். மழையில் பட்டை காய்வதில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து அதன் மேல் கண்ணாடித் தட்டுகளைப் பரப்பியிருக்கிறாள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எறும்பு வராமல் மேசைக்கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முழங்கைப் பட்டையை வெட்டி, சேர்த்து, கட்டிவிடுவாள். அன்று முழுவதும் நான் கையை மடக்கக்கூடாது. ஆகவே கோபப்படக்கூடாது. ஆகவே செய்தித்தாள் கிடையாது. ஆறு மாதத்தில் இரண்டு மாதம் போய்விட்டது. முடிப்பாளா என்று கேட்டால் தெரியாது என்கிறாள். அளக்காமல் எதையும் சொல்வதில்லை.

இன்றும் ஞாயிறு. இடதுகையை மேசை ஓரத்தில் நீட்டிவைத்து, வலதுகையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து குரல் வருகிறது.

"இப்பதான் கோடு லேசா வர ஆரம்பிச்சுது, அதுக்குள்ள ஏறுதே. என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. எழுதறேன்."

"எதைப் பத்தி?"

நான் கையை நேராக்கிக்கொண்டேன்.

"மடக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

விளக்கு இன்னும் எரியவில்லை. எரியட்டும். எரிந்ததும் மடக்கிக்கொள்கிறேன்.